டிராக் சைக்கிளிங்: எல்லாரும் கேக்கற சந்தேகங்களும் பதில்களும்

டிராக்ல சைக்கிள் ஓட்டறேன்னு சொன்னதும் எல்லார்கிட்டேர்ந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விங்கதான் வருது. தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. இது ஒலிம்பிக் வீரர்களுக்கு இல்ல. வேலை முடிச்சு சாயங்காலம் கிளப் டிராக்குக்குப் போய் ஓட்டற, இல்ல ஓட்டலாமான்னு யோசிக்கற சாதாரண ஆளுங்களுக்கு. கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே கேள்விய போட்டிருக்கேன்.

1. வெலோடிரோம்னா என்ன? ஓட்டப்பந்தய டிராக்கு மாதிரிதானே?

சைக்கிள் ரேஸுக்குன்னே கட்டின டிராக்குதான் வெலோடிரோம். மேலேர்ந்து போட்டோ எடுத்தா ஓட்டப்பந்தய டிராக்கு மாதிரித்தான் தெரியும், ரெண்டு நேர்ப்பகுதி, ரெண்டு வளைவு. ஆனா வளைவுக்குக் கீழ போய் நின்னு பார்த்தாதான் அது எவ்ளோ நிமிந்து நிக்குதுன்னு புரியும். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப்லாம் நடக்கற டிராக் 250 மீட்டர், கூரைக்குள்ள இருக்கும், பெரும்பாலும் சைபீரியன் பைன் பலகை போட்டிருப்பாங்க, வளைவுல சரிவு 42 டிகிரிக்கும் மேல போகும், நேர்ப்பகுதியே 12, 13 டிகிரி சாஞ்சிருக்கும்.

நம்ம மாதிரி ஆளுங்க ஓட்டற கிளப் டிராக் நிறைய இடத்துல அப்படி இருக்காது. வெட்டவெளில கான்கிரீட்டோ தாரோ போட்டது, 333 மீட்டர், 400 மீட்டர்னு நீளமா இருக்கும். நீளம் கூடக்கூட வளைவு விரியும், சரிவும் குறையும். லண்டன்ல ஹெர்ன் ஹில்னு ஒண்ணு இருக்கு, 1891-ல ஆரம்பிச்சது, 1948 ஒலிம்பிக்கோட டிராக் சைக்கிள் போட்டி அங்கதான் நடந்துச்சு, சுத்தளவு 450 மீட்டர் கிட்ட, சரிவும் லேசானதுதான். இன்னிக்கும் சின்னப் பசங்கள்லேர்ந்து தாத்தாக்கள் வரைக்கும் அதே டிராக்ல ஓட்டறாங்க.

2. நிஜமாவே பிரேக் கிடையாதா? அப்புறம் எப்படிங்க நிறுத்துவீங்க?

கிடையாது. கியர் மாத்தற வசதியும் கிடையாது. ஃபிக்ஸட் கியர்னு சொல்வாங்க, பின்சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும், குழந்தைங்க ஓட்டற மூணு சக்கர வண்டில முன்சக்கரத்தோட பெடல் ஒட்டி இருக்குமே, அதே சங்கதிதான், நடுவுல ஒரு செயின் இருக்கு, அவ்ளோதான். வேகத்தைக் குறைக்கணும்னா காலால பெடலுக்கு எதிரா லேசா அழுத்தம் கொடுப்போம், இல்லன்னா சரிவுல கொஞ்சம் மேல ஏறுவோம், ஏறினாலே வேகம் தானா குறையும். ரேஸ் முடிஞ்சா ரெண்டு மூணு சுத்து சும்மா உருட்டி, உள்பக்கம் இருக்கற கம்பியப் பிடிச்சு நிப்போம்.

பிரேக் இல்லாதது ஆபத்துன்னு எல்லாரும் நினைக்கறாங்க, நான் அதை நேர்மாறாத்தான் பார்க்கறேன். முன்னாடி போறவர் டக்குனு பிரேக் அடிக்க முடியாது, ஏன்னா அவர்கிட்ட அது இல்லவே இல்ல. உங்ககிட்டயும் இல்ல. யாராலயும் திடீர்னு எதுவும் பண்ண முடியாதுங்கற நம்பிக்கைலதான் ஒரு ஜாண் இடைவெளில பத்து பதினஞ்சு பேர் வரிசையா போக முடியுது.

3. அவ்ளோ சரிவுல ஏறினா சறுக்கி கீழ வந்துட மாட்டோமா?

வேகமா போனா வர மாட்டீங்க, மெதுவா போனாத்தான் வருவீங்க. இது முதல்ல நம்ப முடியாத விஷயம், அதனால கணக்கு போட்டே காட்டறேன். 250 மீட்டர் டிராக்ல வளைவோட ஆரம் சுமாரா 22 மீட்டர்னு வெச்சுக்குங்க. 45 கிலோமீட்டர் வேகத்துல அந்த வளைவ திரும்பணும்னா சைக்கிளும் நீங்களும் சேந்து ஏறக்குறைய 36 டிகிரி சாயணும், 60 கிலோமீட்டர்னா 52 டிகிரி. தரையும் 42 டிகிரி சாஞ்சே இருக்கறதால, உங்களுக்கு நேர்த் தரைல நிமிந்து ஓட்டற மாதிரிதான் இருக்கும், டயருக்குப் பெருசா பக்கவாட்டு வேலையே இல்ல.

அதே வளைவுல 15 கிலோமீட்டர் வேகம்னா நீங்க சாய வேண்டியது அஞ்சு டிகிரி கூட இல்ல, தரையோ 42 டிகிரி, மிச்சம் இருக்கற அத்தனையையும் டயரோட பிடிப்பு மட்டுமே தாங்கணும், அங்கதான் வழுக்கும். அதனாலதான் கோச் எல்லாரும் வளைவுல 30-க்குக் கீழ போகாதீங்க, பயம் வந்தா இன்னும் மிதிங்கன்னு சொல்றாங்க. லேசான சரிவு இருக்கற வெளி டிராக்ல இந்தக் கவலையே பெருசா இருக்காது, ஆரம்பிக்க அது நல்ல இடம்.

4. தரைல கலர் கலரா கோடு போட்டிருக்கே, அதெல்லாம் எதுக்கு?

அடியில நீலப் பட்டை ஒண்ணு இருக்கும், அது டிராக்குல சேராது, ஏறவும் இறங்கவும் உள்ள இடம், ரேஸ்ல அதுல ஓட்டக் கூடாது. அதுக்கு மேல கறுப்புக் கோடு, டிராக்கோட நீளத்தை அளக்கறது இதை வெச்சுதான், இருக்கறதுலயே குறைஞ்ச தூரம். அதுக்கு மேல சிவப்புக் கோடு, ஸ்ப்ரின்டர் கோடுன்னு பேரு. கடைசி ஸ்ப்ரின்ட்ல, அதாவது முடிவுக்கோட்டைப் பார்த்து முழு வேகத்துல பாயும்போது, முன்னாடி போறவர் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவுல இருந்தார்னா அந்தப் பாதை அவருக்குச் சொந்தம், பின்னாடி வர்றவர் வெளிப்பக்கமா சுத்தித்தான் முந்தணும், உள்ள நுழையக் கூடாது. இன்னும் மேல ஒரு நீலக் கோடு, பயிற்சில மெதுவா போறவங்களும் ஓய்வெடுக்கறவங்களும் அதுக்கு மேல இருப்பாங்க. ஓடற திசை எப்பவும் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, முந்தறது வலப்பக்கமா.

5. ஒரே வட்டத்துல சுத்திச் சுத்தி வர்றதுல என்னங்க இருக்கு, போரடிக்காதா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், எனக்குப் பதில் சொல்ல ரொம்பப் பிடிச்ச கேள்வியும் இதுதான். ரோடுல குரூப்பா போறீங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது, ஒரு பத்து மீட்டர் பின்தங்கிட்டீங்க, கதை முடிஞ்சுது, மிச்ச தூரம் முழுக்க தனியா வரணும், முன்னாடி என்ன நடந்துச்சுன்னே தெரியாது. டிராக்ல அப்படி ஒருத்தரும் காணாமப் போக மாட்டாங்க. நீங்க பின்தங்கினாலும் அதே 250 மீட்டருக்குள்ளதான் இருக்கீங்க, கொஞ்ச நேரத்துல கூட்டம் மறுபடி உங்க பக்கம் வரும், ரேஸ் விதி விட்டா கடைசில தொத்திக்கலாம், பயிற்சின்னா கேக்கவே வேணாம். பல வருஷமா ஓட்டறவரும் போன வாரம் வந்தவரும் ஒரே டிராக்ல, ஒரே நேரத்துல, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே ஓட்டற மாதிரி அமைஞ்ச சைக்கிள் விளையாட்டு எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

ரெண்டாவது, 2-வது பதில்ல சொன்ன அந்த நம்பிக்கை. முன்னாடி இருக்கறவரோட பின்சக்கரத்தையே பார்த்துக்கிட்டு, பின்னாடி ஒருத்தர் நம்ம சக்கரத்தை நம்பி வர்றார்ங்கறதும் தெரிஞ்சு, ஒரு சுத்து முன்னாடி நின்னு வரிசையை இழுத்துட்டு, வளைவுல மேல ஏறி, வரிசை முழுக்க கீழ கடந்து போனதும் இறங்கி கடைசில போய் ஒட்டிக்கறது இருக்கு பாருங்க, இதை பேச்சே இல்லாம எட்டு பேர் சரியா பண்ணும்போது வர்ற சந்தோஷத்துக்காகத்தான் நான் போறேன். முன்னாடி போறவருக்குப் பின்னாடி ஒளிஞ்சு போனா காத்தை வெட்டற வேலை பாதி அவரோடது, உழைப்புல மூணுல ஒரு பங்கு வரைக்கும் மிச்சமாகும். அப்படி ஒருத்தருக்கொருத்தர் காத்தைப் பங்கு போட்டுக்கற வேலை இது.

அப்புறம் சிக்னல் கிடையாது, குழி கிடையாது, லாரி கிடையாது. ஒரு சாயங்காலத்துல அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு சின்னச் சின்ன ரேஸா பல ரேஸ் நடக்கும், ஒண்ணுல கோட்டை விட்டா கொஞ்ச நேரத்துல அடுத்தது வந்துடும். பார்க்க வந்தவங்களும் ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் எல்லாத்தையும் உக்காந்த இடத்துலேர்ந்தே பார்க்கலாம்.

6. முதல் நாள் போனா என்ன பண்ணுவாங்க? சொந்த சைக்கிள் வேணுமா?

வேணாம். பெரும்பாலான வெலோடிரோம்ல புதுசா வர்றவங்களுக்குன்னே தனி செஷன் இருக்கும், சைக்கிளும் ஹெல்மெட்டும் அங்கயே தருவாங்க. முதல்ல தட்டையான இடத்துல ஓட்டி, பெடலை நிறுத்தக் கூடாதுங்கறத காலுக்குப் பழக்குவாங்க. அப்புறம் நீலப் பட்டை, அப்புறம் கறுப்புக் கோடு, அப்புறம் ஒவ்வொரு சுத்தா மேல மேல. முதல் செஷன்லயே நிறைய பேர் மேல இருக்கற நீலக் கோட்டைத் தொட்டுடறாங்க. அதுக்கப்புறம் படிப்படியா சில தேர்வு வெப்பாங்க, அதை முடிச்சாத்தான் கூட்டத்தோட ஓட்ட விடுவாங்க, ரேஸுக்கும் விடுவாங்க. இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க அவசரப்படாதீங்க, அது உங்களுக்காக மட்டும் வெச்சதில்ல, பக்கத்துல ஓட்டறவங்களுக்காகவும்தான்.

7. என்கிட்ட நல்ல ரோடு பைக் இருக்கு, பிரேக்கை மட்டும் கழட்டிட்டு வரலாமா?

வரக் கூடாது. ரோடு பைக்ல பெடலை நிறுத்தினாலும் சக்கரம் உருளும், பிரேக்கும் கழட்டிட்டா வேகத்தைக் குறைக்க வழியே இருக்காது. அது போக, டிராக் சைக்கிள்ல பெடல் சுத்தற இடம் தரைலேர்ந்து கொஞ்சம் உயரமா வெச்சிருப்பாங்க. ரோடு பைக்ல அது தாழ்வு, மெதுவா வளைவுல போனா பெடல் சரிவுல இடிச்சு தூக்கி எறிஞ்சிடும். சில வெளி டிராக்ல, சரிவு குறைவா இருக்கற இடத்துல, ரோடு பைக்குக்குன்னு தனி நேரம் ஒதுக்குவாங்க, அப்ப பிரேக்கோடயே வரலாம்.

தெருவுல ஓட்டற ஃபிக்ஸட் கியர் சைக்கிள், அதாவது ஃபிக்ஸி வெச்சிருக்கவங்களுக்கு வாய்ப்பு உண்டு. பெடல் உயரம் சரியா இருக்கணும், பிரேக்கை முழுசா கழட்டணும், கீழ்ப்பக்கமா வளைஞ்ச டிராப் ஹேண்டில்பார் வேணும், டயர் வழுவழுன்னும் சுத்தமாவும் இருக்கணும். எதுக்கும் முதல்ல கோச்சுகிட்ட காட்டிடுங்க.

8. எனக்கு 45 வயசாச்சு, இப்பப் போய் ஆரம்பிக்கறது லேட்டில்லையா?

இல்லவே இல்ல. மாஸ்டர்ஸ் பிரிவு உலக அளவுல 35 வயசுலேர்ந்தே ஆரம்பிக்குது, அஞ்சு அஞ்சு வருஷமா பிரிச்சு மேல மேல போகும். ராபர் மார்ஷான்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 2012-ல, 100 வயசுல, வெலோடிரோம்ல ஒரு மணி நேரத்துல 24.251 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-ல, 102 வயசுல, அதை 26.927 ஆக்கினார், அதாவது ரெண்டு வயசு கூடி வேகமும் கூடிச்சு. 2017-ல 105 வயசுல திரும்ப வந்து 22.547 ஓட்டினார். 45-ங்கறது இங்க இளவட்டம். டாக்டர்கிட்ட ஒரு தடவை இதயத்தை மட்டும் பார்த்துக்கிட்டு வாங்க.

9. எத்தனை வகை ரேஸ் இருக்கு? எனக்கு எதுவுமே புரியல.

எல்லாத்தையும் ஒரே நாள்ல புரிஞ்சுக்க வேண்டியதில்ல. ஸ்க்ராட்ச்தான் எளிமையானது, எல்லாரும் சேந்து கிளம்பி குறிப்பிட்ட சுத்து முடிஞ்சதும் யார் முதல்ல கோட்டைத் தாண்டறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. எலிமினேஷன்ல, ஆள் எண்ணிக்கையப் பொறுத்து ஒவ்வொரு சுத்துலயோ ரெண்டு சுத்துக்கு ஒரு தடவையோ, கடைசில வர்றவர் வெளிய. அதுல கணக்கு பின்சக்கரத்துக்கு, முன்சக்கரத்தை நீட்டிப் பிரயோஜனம் இல்ல. கூட்டத்துல அடியில, உள்பக்கமா மாட்டிக்கிட்டா நல்ல பலசாலி கூட வெளிய போயிடுவார், வெளிப்பக்கமா இடம் பிடிச்சு நிக்கத் தெரிஞ்சவர் தப்பிச்சிடுவார். புதுசா பார்க்க வர்றவங்களை நான் முதல்ல எலிமினேஷனைத்தான் பார்க்கச் சொல்லுவேன், யாரும் விளக்காமலே புரியும்.

பாயின்ட்ஸ் ரேஸ் கொஞ்சம் தலை வேலை. 250 மீட்டர் டிராக்ல பத்து சுத்துக்கு ஒரு ஸ்ப்ரின்ட், முதல் நாலு பேருக்கு 5, 3, 2, 1, கடைசி ஸ்ப்ரின்டுக்கு ரெட்டிப்பு. கூட்டத்தை விட்டு ஓடிப்போய் ஒரு முழு சுத்து முன்னேறி, பின்பக்கமா வந்து கூட்டத்தைப் பிடிச்சிட்டீங்கன்னா மொத்தமா 20 பாயின்ட். அதாவது நாலு ஸ்ப்ரின்ட் ஜெயிச்சதுக்கு சமம். வேகம் கம்மியா இருந்தாலும் தம் பிடிச்சு ஓட்டறவங்களுக்கு இந்த ரேஸ் ஒரு வரம்.

10. டிவில பார்த்தேன், ஸ்ப்ரின்ட்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. ஏன்?

5-வது பதில்ல சொன்ன காத்து விஷயம்தான். முன்னாடி போறவருக்குப் பின்னாடி இருக்கறவர் என்ன பண்றார்னு சரியா தெரியாது, காத்தையும் அவர்தான் வெட்டணும், பின்னாடி இருக்கறவர் ஒளிஞ்சு வந்து கடைசி நேரத்துல வெளிய பாய்வார். அதனால ரெண்டு பேரும் பின்னாடி இருக்கத்தான் ஆசைப்படுவாங்க, நீ போ நீ போன்னு சைக்கிள் மேலயே அசையாம நிப்பாங்க. ஃபிக்ஸட் கியர்ங்கறதால பெடலை முன்னயும் பின்னயும் லேசா ஆட்டி அப்படி நிக்க முடியும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ல இத்தாலியோட பெட்டெனெல்லாவும் பிரான்ஸோட ட்ரெந்தனும் ஏறக்குறைய 22 நிமிஷம் அப்படி நின்னாங்க. இப்ப அவ்ளோ நேரம் நிக்க விதி விடாது.

11. கியர் ஒண்ணுதான்னா எந்தக் கியர் போடறது?

முன்னாடி 48 பல், பின்னாடி 15 பல்னு வெச்சு ஆரம்பிக்கலாம். பெடல் ஒரு தடவை சுத்தினா சக்கரம் 3.2 தடவை சுத்தும், சுமாரா 6.7 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 90 சுத்து மிதிச்சா 36 கிலோமீட்டர் வேகம், 110 மிதிச்சா 44. அதாவது சாதாரணமா மிதிச்சாலே 3-வது பதில்ல சொன்ன 30-ஐத் தாண்டிடுவீங்க. பெரிய போட்டில இப்பல்லாம் இதைவிட ரொம்பப் பெரிய கியர் போடறாங்க, அதைப் பார்த்து ஆசைப்படாதீங்க. பெரிய கியர்ல வேகம் பிடிக்க நேரமாகும், எதிரி பாயும்போது கூடவே பாய முடியாது, முழங்காலும் வலிக்கும். முதல்ல கால் வேகமா சுத்தப் பழகட்டும்.

12. பின்னாடியிருந்து ஒருத்தர் 'ஸ்டே'ன்னு கத்தறார். நான் ஒதுங்கணுமா?

ஒதுங்கவே ஒதுங்காதீங்க! ரோடுல யாராவது சத்தம் போட்டா வழி விடறதுதான் பழக்கம், இங்க அதுதான் ஆபத்து. நான் உன்னை வெளிப்பக்கமா தாண்டறேன், நீ இருக்கற கோட்டுலயே இருன்னுதான் அவர் சொல்றார். நீங்க மேல ஒதுங்கினா நேரா அவர் பாதைலதான் போவீங்க. அப்படியே நேரா, அதே வேகத்துல போங்க, மிச்சத்தை அவர் பார்த்துப்பார். நீங்களா மேல ஏறணும்னா முதல்ல வலது தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க, அப்புறம்தான் ஹேண்டிலைத் தொடணும்.

13. மறைக்காம சொல்லுங்க, விழுந்தா என்ன ஆகும்?

விழறது நடக்கும். பெரும்பாலும் தோல் உரியும், சிராய்ப்பு எரியும், காலர் எலும்பு உடையறதும் உண்டு. மர டிராக்ல சிராய் குத்தும். மலேசியாவோட அசிசுல்ஹஸ்னி அவாங் 2011-ல மான்செஸ்டர்ல கீரின் ரேஸ்ல (ஒரு மோட்டார் வண்டிக்குப் பின்னாடி வேகம் பிடிச்சு, அது விலகினதும் பாயற ரேஸ்) விழுந்தப்ப ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் மரத்துண்டு கெண்டைக்கால்ல ஊடுருவிப் போச்சு. எழுந்து சைக்கிள்ல ஏறி கோட்டைத் தாண்டி மூணாவது வந்தார், பின்னாடி 2016-லயும் 2020 டோக்கியோலயும் ஒலிம்பிக் பதக்கமும் வாங்கினார். அது உலகத் தரப் போட்டி, கடைசி சுத்துல உயிரைக் கொடுத்து முட்டிக்கறது.

கிளப் செஷன்ல விழறது பெரும்பாலும் ரெண்டே காரணம். ஒண்ணு, திரும்பிப் பார்க்காம மேல ஏறறது. இன்னொண்ணு, களைச்சுப்போய் பெடலை நிறுத்தப் பார்க்கறது, ஃபிக்ஸட் கியர் அப்ப ஆளையே தூக்கிடும். ரெண்டும் பழக்கத்துல போயிடும். எதிர்ல வண்டி வராத இடம்ங்கறதால, ரோடை விட இங்க எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு.

14. மேடிசன்ங்கற ஜோடி ரேஸ்ல ஒரு டீமோட ரெண்டு பேரும் டிராக்லயே இருக்காங்களே, ரேஸ்ல இருக்கறது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கீழ வேகமா போறவர் ரேஸ்ல இருக்கார், மேல மெதுவா உருட்டறவர் ஓய்வுல. ஓய்வுல இருக்கறவர் நேரம் பார்த்து இறங்குவார், வர்றவர் அவர் கையைப் பிடிச்சு முன்னால வீசி எறிவார், தன்னோட வேகத்தையே அவருக்குக் கொடுத்துட்டு மேல ஏறிடுவார். இது மாத்தி மாத்தி நடந்துக்கிட்டே இருக்கும், பாயின்ட் கணக்கு பெரும்பாலும் 9-வது பதில்ல சொன்னதுதான்.

இது வந்த கதையும் தெரிஞ்சுக்கணும். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஆறு நாள் ரேஸ்னு ஆளை விடாம ஓட்ட வெச்சாங்க, தூக்கமில்லாம ஆளுங்க நிலை தடுமாறினாங்க. ஒருத்தர் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு 1898-ல சட்டம் வந்துச்சு. சரி, ரெண்டு பேரை ஒரு டீமா போடுவோம்னு நடத்தினவங்க முடிவு பண்ணாங்க, அதுதான் மேடிசன். ரேஸ்லாம் நல்லாப் பழகினப்புறம் இதைக் கத்துக்கிட்டா போதும். ஜோடியா ஒருத்தரை முடிவு பண்ணிட்டு, காலி டிராக்ல மெதுவா கைமாத்திப் பழகுங்க.

15. டிராக்ல ஓட்டினா ரோடுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

நிறைய. பெடலை நிறுத்தவே முடியாததால மிதிக்கறது வழுவழுன்னு ஆகிடும், கூட்டத்துல பதட்டம் போயிடும். பிராட்லி விகின்ஸ் டிராக்ல ஒலிம்பிக் தங்கங்களை வாங்கிட்டு 2012-ல ரோடு சைக்கிளோட பெரிய ரேஸான டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சார். ஜெரைன்ட் தாமஸ் 2008, 2012-னு ரெண்டு ஒலிம்பிக்லயும் டீம் பர்சூட்ல (நாலு பேர் ஒரு டீமா சேந்து ஓட்டற டிராக் ரேஸ்) தங்கம், 2018-ல டூர். நமக்கு அவ்ளோ வேணாம், முன்னாடி போறவரை நம்பி ஒட்டிப் போகத் தெரிஞ்சாலே ரோடுல பாதி சிரமம் குறையும்.

16. ரேஸ்லாம் எனக்கு வேணாம், ஆனா அந்த இடம் பிடிச்சிருக்கு. சும்மா வரலாமா?

தாராளமா. கிளப் ரேஸ் நடக்கணும்னா ஓட்டாதவங்க நிறைய பேர் வேணும். சுத்து எண்ற பலகையத் திருப்ப ஒருத்தர், கடைசி சுத்துக்கு மணி அடிக்க ஒருத்தர், எலிமினேஷன்ல கடைசி பின்சக்கரம் யாரோடதுன்னு கண்ணு சிமிட்டாம பார்க்க ரெண்டு பேர், கிளம்பும்போது சீட்டைப் பிடிச்சு சைக்கிளை நிமித்தி வெக்க சிலர். இதுல ஆள் பற்றாக்குறை எப்பவும் இருக்கும். ரேஸ் ஆரம்பிக்கறதுக்கு அரை மணி முன்னாடி வந்து, கையில பேப்பர் கட்டோட பரபரப்பா நிக்கறவர் யாருன்னு பார்த்து, என்ன வேலை இருக்குன்னு கேளுங்க. அனேகமா அன்னிக்கே மணி உங்க கைக்கு வந்துடும்.